டெக்சஸில் அரை சதவீதக் கூடுதல் விற்பனை வரி: சொத்து வரி நிஜமாகவே குறையுமா?

ஓக்மர நிழல்:

வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே, கேப் மெட்ரோ என்ற போக்குவரத்து ஆணையத்தின் எல்லைக்கு வெளியே, 70,000 பேர் வாழும் ஊர். இப்போது கடையில் 7.75% விற்பனை வரி கட்டுகிறோம். இதில் மாநிலத்துக்கு 6.25, ஊரின் பொது நிதிக்கு 1, டைப் பி கழகம் எனப்படும் ஊரின் பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்கு அரை. உள்ளூர் வரம்பு 2% என்பதால் இன்னும் அரை சதவீதத்துக்கு இடம் இருக்கிறது. அதை "சொத்து வரி விகிதத்தைக் குறைக்க" என்று சொல்லி வரும் மே தேர்தலில் வாக்குக்கு விடலாமா என்று கவுன்சில் ஆலோசிக்கிறது.

வாக்குச் சீட்டில் அப்படி எழுதிவிட்டால் கவுன்சில் குறைத்தே ஆக வேண்டுமா, இல்லை பணம் பொது நிதியில் கரைந்துவிடுமா? வரி மதிப்பு 4,00,000 டாலர் உள்ள வீட்டுக்கு என்ன மிச்சமாகும்? வாடகை வீட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஊரின் மொத்த வரி மதிப்பு சுமார் 10 பில்லியன், கடந்த நான்கு காலாண்டுகளில் வரிக்குரிய விற்பனை 1.6 பில்லியன். பட்ஜெட் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவு செலவு:

முதல் கேள்விதான் முக்கியம். சட்டம் நேரடியாக இறக்குவது உச்சவரம்பைத்தான். கவுன்சில் நிர்ணயிக்கும் விகிதம் தானாக இறங்காது. இந்த வித்தியாசம் புரியாமல் வாக்களித்தால் பிறகு ஏமாற்றம் வரும்.

டெக்சஸில் ஒவ்வொரு ஊரும் ஆகஸ்டில் 50-856 என்ற படிவத்தில் இரண்டு விகிதங்களைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஒன்று நோ நியூ ரெவென்யூ ரேட்: சென்ற ஆண்டு வரி விதித்த அதே சொத்துகளிடமிருந்து அதே தொகையை இந்த ஆண்டும் வசூலிக்க எவ்வளவு விகிதம் போதும் என்பது. இன்னொன்று வோட்டர் அப்ரூவல் ரேட்: மக்களிடம் வாக்குக் கேட்காமல் கவுன்சில் போகக்கூடிய உச்சம். 2019-ல் வந்த செனட் மசோதா 2-க்கு முன் இந்த உச்சம் பராமரிப்பு, நிர்வாகச் செலவுப் பகுதியில் 8% வளர்ச்சிவரை அனுமதித்தது. இப்போது 3.5% மட்டும்.

கூடுதல் விற்பனை வரி இதே படிவத்தில் ஒரு தனிப் பகுதியாக வருகிறது. உங்கள் எண்களையே போடுவோம். புதிதாக வரியை ஏற்ற ஊர், மாநில வரி வசூல் அதிகாரியான கம்ப்ட்ரோலர் தரும் கடந்த நான்கு காலாண்டு விற்பனையை எடுத்து, வரி விகிதத்தால் பெருக்கி, அதில் 95% மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். 1.6 பில்லியனில் அரை சதவீதம் 8 மில்லியன், அதில் 95% 7.6 மில்லியன். இதை 10 பில்லியனால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 0.076 டாலர். முதல் ஆண்டில் மேலே சொன்ன இரண்டு விகிதங்களிலிருந்தும் இந்த 0.076-ஐக் கழிக்க வேண்டும்.

இந்தக் கழிவு அப்படியே உங்கள் விகிதத்திலும் இறங்கினால் 4,00,000 டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 304 டாலர் குறையும்.

இறங்காமல் போவது எப்படி? உங்கள் கவுன்சில் இதுவரை உச்சவரம்பைத் தொடாமல் வந்திருந்தால், உச்சம் இறங்கிய பிறகும் நடுவில் இடைவெளி மிஞ்சும். முந்தைய மூன்று ஆண்டுகளில் பயன்படுத்தாமல் விட்டதைச் சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, அதனால் அந்த இடைவெளி பெரிதாகவே இருக்கலாம். ஊரின் இன்றைய விகிதத்தையும் சென்ற ஆகஸ்டு படிவத்தில் உள்ள இரண்டு விகிதங்களையும் இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.

நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மே தேர்தலில் வென்றால் வரி அக்டோபர் 1 முதல் வசூலாகும். கடைக்காரர் அக்டோபர் வரியை நவம்பர் 20-க்குள் கட்டுவார், கம்ப்ட்ரோலர் 2% சேவைக் கட்டணம் எடுத்துக்கொண்டு டிசம்பரில் ஊருக்கு அனுப்புவார். அதாவது அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டுக்குள் ரொக்கமாக வருவது பத்து மாத வசூல் மட்டுமே, சுமார் 6.5 மில்லியன். ஆகஸ்டு, செப்டம்பர் விற்பனைக்கான பணம் அடுத்த நிதியாண்டில் கைக்கு வந்தாலும் கணக்கில் முந்தைய ஆண்டின் வரவாகவே எழுதப்படும், ஆகவே பட்ஜெட்டில் 7.84 மில்லியன் காட்டலாம். ஆனால் அந்த 1.3 மில்லியன் ரொக்க இடைவெளியைக் கையிருப்பிலிருந்து சமாளிக்க வேண்டும். இதை நிதி இயக்குநர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் கோடையிலேயே "பணம் வரவில்லை, விகிதத்தை ஏற்றுவோம்" என்ற பேச்சு கிளம்பும்.

சுண்ணாம்புக்கல்:

வீட்டுக்காரர், வாடகைக்காரர் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரை சதவீதம் எதன்மேல் விழும் என்று முதலில் பாருங்கள். சமைக்காத மளிகை, மருந்துச் சீட்டில் வாங்கும் மருந்து, வீட்டு வாடகை இவற்றுக்கு விற்பனை வரியே இல்லை. கார் வாங்கினால் 6.25% மோட்டார் வாகன வரி மாநிலத்துக்குப் போகிறது, அதில் ஊருக்கு ஒரு சென்ட்டும் இல்லை. ஊரில் கார் ஷோரூம் வந்தால் விற்பனை வரி கொட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிஞ்சுவது உணவகம், துணிமணி, மரச்சாமான், மின்னணுச் சாதனம், வீட்டுப் பழுதுக்கான பொருள், அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் வாங்குபவை.

ஒரு குடும்பம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு வரிக்குரிய பொருள் வாங்கினால் கூடுதலாக 150 டாலர் கட்டும். சொந்த வீட்டுக்காரருக்கு 304 கிடைத்து 150 போனால் 154 லாபம். 60,800 டாலருக்குமேல் வாங்குபவருக்குத்தான் நஷ்டம் தொடங்கும். வெளியூரிலிருந்து வந்து கடைகளில் வாங்குபவர்களும் வரி கட்டுவதால்தான் இந்த லாபம் சாத்தியமாகிறது. நெடுஞ்சாலையோரம் பெரிய கடைத்தொகுதி உள்ள ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும். வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் உள்ளூர்க்காரர் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுவதோடு சரி.

வாடகைக்காரருக்கு 150 டாலர் செலவு உறுதி. வரவு உறுதியில்லை. அடுக்குமாடி உரிமையாளரின் சொத்து வரி குறையும், ஆனால் வாடகை சந்தை நிலவரப்படிதான் இறங்கும், ஒப்பந்தத்தின்படி அவர் இறக்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப்பேர் என்றால், இந்தத் திட்டம் அவர்களிடமிருந்து எடுத்து வீட்டுக்காரர்களுக்கும் பெரிய நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் கொடுப்பதாகவே முடியும். இதை மறைக்காமல் கூட்டத்தில் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பிரிவினரையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் உங்கள் ஊர் வரி உச்சம் நிர்ணயித்து உறைய வைத்திருக்கிறதா? இது ஊரின் விருப்பம், எல்லா ஊரிலும் இல்லை. அப்படி இருந்தால் அவர்கள் கட்டுவது ஏற்கெனவே உறைந்த பழைய தொகை. விகிதம் குறைந்து, அதன்படி போட்ட கணக்கு அந்த உறைந்த தொகைக்கும் கீழே போனால்தான் அவர்களுக்குப் பயன். நீண்ட காலமாக அதே வீட்டில் இருக்கும் முதியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் குறையாது, கடையில் மட்டும் கூடுதலாகக் கட்டுவார்.

இணைய விற்பனையில் ஒரு சின்ன விஷயம்: வெளிமாநில விற்பனையாளர் சிலர் ஒரே உள்ளூர் விகிதமான 1.75%-ஐத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களிடம் வாங்கினால் இப்போதும் 8%, உங்கள் தேர்தலுக்குப் பிறகும் 8%தான். அந்தப் பணம் ஊர்களுக்கிடையே விகிதாசாரப்படி பங்கிடப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது சொத்து வரிச் சீட்டில் ஊரின் வரியை மட்டுமே தொடும். சீட்டில் பெரும்பகுதி பள்ளி மாவட்டத்துடையது, பிறகு கவுண்டி. "சொத்து வரி பாதியாகிவிடும்" என்று யாராவது துண்டறிக்கை அடித்தால் நம்பாதீர்கள்.

ஓக்மர நிழல்:

இருவருக்கும் மிக்க நன்றி. வரவு செலவு கேட்ட எண்கள்: இன்றைய விகிதம் 0.42, அதில் ஊரின் கடனை அடைப்பதற்கான பகுதி 0.10. விற்பனை வரிக் கழிவுக்கு முன் நோ நியூ ரெவென்யூ ரேட் 0.41, வோட்டர் அப்ரூவல் ரேட் பழைய மிச்சம் சேர்த்து 0.45. முதியோர் உச்சம் எங்கள் ஊரில் உண்டு.

வரவு செலவு:

நினைத்தபடியே இருக்கிறது. 0.076 கழித்தால் நோ நியூ ரெவென்யூ 0.334, உச்சம் 0.374. கவுன்சில் 0.374 என்று வைத்தால் மறுபடி தேர்தல் தேவையில்லை. "0.42-லிருந்து 0.374-க்குக் குறைத்துவிட்டோம்" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் குறைந்தது 0.046 மட்டுமே. 7.6 மில்லியனில் 4.6 மில்லியன் வரிக் குறைப்புக்குப் போய், 3 மில்லியன் புதுச் செலவுக்குப் போயிருக்கும். உங்கள் 304 டாலர் 184 ஆகிவிடும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டு விகிதத்தோடு அல்ல, கழிவுக்குப் பின் வரும் 0.334-உடன். அதற்குமேல் போனால் கவுன்சில் பொது விசாரணை நடத்த வேண்டும், பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும், உறுப்பினர்களில் 60% பேர் ஆதரிக்க வேண்டும். ஏழு பேர் கவுன்சிலில் ஐந்து வாக்கு. தீர்மானத்தை முன்மொழிபவர் இது வரி விகிதத்தில் இத்தனை சதவீத உயர்வுக்குச் சமம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 0.374 வைத்தால் அந்த எண் ஏறக்குறைய 12%. மே மாதம் குறைப்பதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு ஆகஸ்டில் 12% உயர்வு என்று அவையில் சொல்வது எந்த உறுப்பினருக்கும் சுலபமில்லை. சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கும் உண்மையான பிடி இதுதான்.

தேர்தலுக்கு முன்பே கவுன்சிலிடம் ஒரு தீர்மானம் கேளுங்கள்: முதல் ஆண்டில் கழிவு முழுவதையும் விகிதத்தில் இறக்குவோம், முந்தைய ஆண்டுகளின் பயன்படுத்தாத மிச்சத்தை அந்த ஆண்டு தொடமாட்டோம். அடுத்து வரும் கவுன்சிலை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அவைக் குறிப்பில் ஏறிவிடும், ஆகஸ்டு விசாரணையில் எடுத்துக் காட்டலாம்.

கூப்பர் ஆற்றங்கரை:

தென் கரோலைனாவில் இதே நோக்கத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அங்கே வாக்காளர் ஏற்ற கவுண்டிகளில் 1% உள்ளூர் விற்பனை வரி உண்டு. சார்லஸ்டன், ரிச்லண்ட் எல்லாம் இதில் வரும். வசூலில் ஒரு பகுதி சொத்து வரிக் கழிவு நிதிக்கு என்று சட்டமே ஒதுக்கிவிடுகிறது: முதல் ஆண்டு 63%, ஆண்டுக்கு 2 புள்ளி ஏறி 71%-ல் நிற்கும். மிச்சம் 29%-தான் கவுண்டியும் ஊர்களும் விருப்பப்படி செலவழிக்கலாம். கழிவு நிதியை மொத்தச் சொத்து மதிப்பால் வகுத்தால் ஒரு காரணி கிடைக்கும். அதை உங்கள் வீட்டின் சந்தை மதிப்பால் பெருக்கி வரிச் சீட்டில் தனி வரிசையில் கழிப்பார்கள். காரணி 0.001 என்று வைத்துக்கொண்டால் 3,00,000 டாலர் வீட்டுக்கு 300 டாலர். ஊர் எல்லைக்குள் இருந்தால் கவுண்டி கழிவு ஒன்று, ஊர் கழிவு ஒன்று.

இதில் நல்லது, பணம் எங்கே போனது என்ற கேள்வியே எழாது, சீட்டிலேயே தெரியும். இன்னொரு விளைவு: அங்கே சொந்த வீடு 4% விகிதத்திலும் வாடகை வீடு 6% விகிதத்திலும் மதிப்பிடப்படுகிறது, ஆனால் கழிவு சந்தை மதிப்பின்மேல். அதனால் ஒரே விலையுள்ள இரண்டு வீட்டுக்கும் ஒரே கழிவு, சொந்த வீட்டுக்காரரின் சிறிய வரியில் அது பெரிய பங்கு.

எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. 2006-ல் வந்த சட்டம் 388 மாநில விற்பனை வரியை 5%-லிருந்து 6% ஆக்கி, அந்த ஒரு சதவீதத்தைக் கொண்டு சொந்த வீடுகளுக்குப் பள்ளி நடைமுறைச் செலவு வரியை நீக்கியது. உடனே மந்தம் வந்தது, விற்பனை வரி எதிர்பார்த்த அளவு வரவில்லை, பற்றாக்குறையை மாநிலப் பொது நிதி ஈடு செய்ய வேண்டியதாயிற்று. பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால் சுமை ஏறுவது வாடகை வீடுகள்மேலும் தொழில்கள்மேலும்தான், ஏனென்றால் சொந்த வீடு அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது.

சுண்ணாம்புக்கல்:

கூப்பர் ஆற்றங்கரை சொன்ன மந்தம் டெக்சஸ் படிவத்தில் எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்து 95% பெருக்கல் கிடையாது, உண்மையான கடந்த நான்கு காலாண்டு வசூலைப் போட வேண்டும்.

சென்ற ஆண்டு நிர்வாகப் பகுதிக்கான சொத்து வரி 24 மில்லியன், அதோடு அதே செலவுக்குப் போன கூடுதல் விற்பனை வரி 7.8 மில்லியன் என்று கொள்வோம். இரண்டையும் கூட்ட வேண்டும்: 31.8. பழைய சொத்துகளின் இந்த ஆண்டு மதிப்பு 10.3 பில்லியன் என்றால் நூறு டாலருக்கு 0.3087, அதன்மேல் 3.5% வளர்ச்சி சேர்த்தால் 0.3195, கடன் 0.10 சேர்த்தால் 0.4195. இங்கிருந்துதான் விற்பனை வரியைக் கழிக்கிறோம். புதுக் கட்டடங்கள் சேர்த்த மொத்த மதிப்பு 10.5 பில்லியன், வசூல் 8.2 மில்லியன் என்றால் கழிவு 0.0781, உச்சம் 0.3414. வசூல் 7 மில்லியனாக விழுந்தால் கழிவு 0.0667, உச்சம் 0.3529.

கடை வியாபாரம் படுத்தால் சொத்து வரி உச்சம் தானாக ஏறுகிறது. 4,00,000 டாலர் வீட்டுக்கு 46 டாலர் வித்தியாசம். வேலை போய் மக்கள் செலவைக் குறைக்கும் அதே ஆண்டில் இந்த ஏற்றம் வரும். ஊரின் சேவைகளுக்கு அது பாதுகாப்பு, வீட்டுக்காரருக்குச் சுமை. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் உள்ள ரவுண்ட் ராக் இதற்கு நல்ல பாடம். அங்கே 2% நிரம்பிவிட்டது: பொது நிதிக்கு 1, சொத்து வரிக் குறைப்புக்கு அரை, டைப் பி கழகத்துக்கு அரை. டெல் நிறுவனம் அங்கே இருப்பதும், டெக்சஸில் உள்ளூர் விற்பனையாளரின் இடத்தை வைத்து வரி பங்கிடப்படுவதும் சேர்ந்து ஊரின் விற்பனை வரியில் பெரும்பங்கை ஒரே நிறுவனத்தோடு கட்டிப் போட்டன. 2020-ல் கம்ப்ட்ரோலர் இணையவழி ஆர்டர்கள் எந்த இடத்துக்கு உரியவை என்ற விதி 3.334-ஐத் திருத்தியதும் ரவுண்ட் ராக், கோப்பெல் போன்ற ஊர்கள் நீதிமன்றம் போனதற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். விதியில் ஒரு பத்தி மாறினால் சொத்து வரிக் கணக்கே மாறும்.

வரவு செலவு:

அதனால் நிதி இயக்குநரிடம் இதைக் கேளுங்கள்: விற்பனை வரி கட்டுவோரில் முதல் பத்துப் பேரின் கூட்டுப் பங்கு எவ்வளவு? தனித்தனிப் பெயரும் தொகையும் ரகசியம், கம்ப்ட்ரோலர் ஊருக்குக் கொடுத்தாலும் வெளியிட முடியாது. மொத்தப் பங்கைச் சொல்லலாம். அடுத்து, எந்தக் கடைக்காவது 380 ஒப்பந்தம் எனப்படும் ஊக்கச் சலுகை ஒப்பந்தப்படி விற்பனை வரியைத் திருப்பித் தருகிறார்களா, கணக்கிட்ட 1.6 பில்லியனில் அந்தக் கடையின் விற்பனையும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு நிறுவனம் தவறான ஊருக்கு வரி கட்டிவிட்டுப் பிறகு திருத்தினால், ஏற்கெனவே கொடுத்ததைக் கம்ப்ட்ரோலர் பின்வரும் மாதங்களில் பிடித்துக்கொள்வார். வழக்கத்துக்கு மீறிய மாத வசூலைக் கண்டால் செலவழிக்காமல் ஓரமாக வைப்பது நல்லது.

இந்த இழையைப் படிக்கும் டாலஸ், ஹியூஸ்டன், ஆஸ்டின் நண்பர்களுக்கு: உங்கள் ஊரில் 1% ஊருக்கு, 1% போக்குவரத்து ஆணையத்துக்கு, இடமே இல்லை. ஃபிரிஸ்கோ போன்ற ஊர்களில் டைப் ஏ, டைப் பி வளர்ச்சிக் கழகங்கள் இரண்டும் அரை அரையாக எடுத்துவிட்டன. ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்ட ஒரே வாக்குக் கேள்வியில் முடியும், ஆனால் கழகம் அந்த வரியை ஈடு வைத்துக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால் அது தீரும்வரை கைவைக்க இயலாது. முதலில் பத்திர அட்டவணையைப் பாருங்கள்.

ஓக்மர நிழல், சீட்டு அக்டோபரில் வரும், ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். எஸ்க்ரோவில், அதாவது வீட்டுக் கடன் தவணையோடு வங்கி வழியாகக் கட்டுபவர்களுக்கு மாதத் தவணை உடனே குறையாது, வங்கி அடுத்த ஆண்டுக் கணக்கு பார்க்கும்போதுதான் தெரியும். அதற்கு முன் தெரிய வேண்டுமானால் சீட்டில் ஊர் வரியின் வரிசையை மட்டும் சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள், மொத்தத் தொகையை அல்ல. வீட்டு மதிப்பும் பள்ளி விகிதமும் அதே ஆண்டில் மாறியிருக்கும்.

ஓக்மர நிழல்:

பட்ஜெட் பட்டறையில் 0.334 என்ற எண்ணையும் முன்தீர்மானக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்கிறேன். முதியோர் உச்சத்தில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது சொத்து மதிப்பிடும் அலுவலகமான அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்டிடம் கேட்டால் கிடைக்குமா?

சுண்ணாம்புக்கல்:

கிடைக்கும். ஜூலை 25 வாக்கில் தலைமை மதிப்பீட்டாளர் ஊருக்குச் சான்றளித்து அனுப்பும் மொத்தப் பட்டியலிலேயே உறைந்த வீடுகளின் எண்ணிக்கையும் மதிப்பும் தனியாக இருக்கும். சென்ற ஆண்டுப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள், மே தேர்தலுக்கு முன் அது கையில் இருக்க வேண்டும்.